மோட்டருக்கும் பம்பிக்கும் இடையே ஸ்பிளைன் கப்ளிங்: மையவிலகலைக் கணக்கிட்டு வடிவமைக்கும் முறை

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் ஓடும் சிறிய மண்ணெண்ணெய் இயந்திரங்களிலும் மொனோபுளொக் மோட்டர்களிலும் பம்பியின் சுழலி நேரடியாக இயந்திரத் தண்டிலேயே பூட்டப்பட்டிருப்பதால், இரண்டு தண்டுகளை ஒரே கோட்டில் நிறுத்தும் வேலை அங்கே எழுவதில்லை. மீன்பிடித் துறைகளின் ஐஸ் தொழிற்சாலை, உப்பளம், குடிநீர்த் திட்டம் போன்ற இடங்களில் மோட்டரும் பம்பியும் தனித்தனிக் கால்களோடு ஒரே அடித்தளத்தில் அமர்கின்றன. இந்த வழிகாட்டி அத்தகைய இணைப்புகளுக்கானது. கணக்குகள் அனைத்துக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன்: 15 கிலோவாட், 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், நான்கு துருவ மோட்டர், முழுச் சுமையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1460 சுற்று, தண்டின் மையம் காலிலிருந்து 160 மில்லிமீற்றர் உயரத்தில், தண்டின் விட்டம் 42 மில்லிமீற்றர், எதிரே ஒரு மையவிலக்குப் பம்பி.

ஸ்பிளைன் கப்ளிங் என்பது வெளிப்பற்கள் உட்பற்களுக்குள் பொருந்தி, ஒரு தண்டின் முறுக்கை மற்றதற்குக் கடத்தும் இணைப்பு. இரு தண்டுகளும் ஒரே கோட்டில் நில்லாத மையவிலகலை அது இல்லாமற் செய்வதில்லை. விலகியிருக்கும் இரு தண்டுகளுக்கும் இடையில் பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முன்னும் பின்னுமாக வழுக்க இடங்கொடுத்து, அந்த விலகலை வழுக்கலாகவும், வழுக்கலைத் தேய்மானமாகவும் மாற்றுகிறது. ஆகவே வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை பாகை தாங்கும் என்பதன்று. அந்தப் பாகையில் பல் எவ்வளவு தூரம், எந்த அமுக்கத்தின் கீழ், எந்தக் கிறீஸில் வழுக்கும் என்பதே.

ஸ்பிளைன்தான் வேண்டுமா?

இதே அளவுள்ள பம்பிக்கு இறப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங் பல இடங்களில் போதும். விலையும் குறைவு, கிறீஸும் தேவையில்லை. இடம் குறுகலாகவும் முறுக்கு விசை கூடுதலாகவும் இருந்து, தண்டு அச்சுவழியே சில மில்லிமீற்றர் நகரவும் வேண்டியிருந்தால் ஸ்பிளைனுக்கு நியாயம் உண்டு. அங்கும் நடுவழி ஒன்று இருக்கிறது: வளைந்த பற்கள் வெட்டிய உருக்கு ஹப் (தண்டில் பூட்டும் குடம்) இரண்டும் அவற்றை மூடும் நைலோன் உறையும் கொண்ட கப்ளிங். கிறீஸ் வைக்க ஆளில்லாத, உப்புக்காற்று அடிக்கும் கரையோரப் பம்பி வீட்டுக்கு, முறுக்கு விசை அனுமதித்தால், நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். நைலோன் ஈரத்தை உறிஞ்சிச் சற்று வீங்கும் என்பதையும் சூட்டில் வலுவிழக்கும் என்பதையும் கருத்திற்கொண்டு பல் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். கீழே உள்ளவை முழு உருக்கு இணைப்புக்கான படிகள்.

முதற்படி: விலகலை அளத்தல்

விலகல் மூன்று வகைப்படும். இரு தண்டுகளின் அச்சுகளும் சமாந்தரமாக இருந்தும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்பது சமாந்தர விலகல். அச்சுகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்பது கோண விலகல். சூட்டாலோ தள்ளு விசையாலோ தண்டு நீளவாக்கில் நகர்வது அச்சுவழி அசைவு. நடைமுறையில் முதலிரண்டும் சேர்ந்தே வரும்.

மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டிய பின், டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) கையில் எடுப்பதற்கு முன்பே, மோட்டரின் நான்கு கால்களையும் சோதியுங்கள். ஒரு போல்ட்டைத் தளர்த்தும்போது அந்தக் கால் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் எழுந்தால், அந்த இடைவெளிக்குத் தகடு வைத்துச் சரிசெய்யாமல் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. அடுத்து, பம்பியின் உறிஞ்சு குழாய் விளிம்பின் போல்ட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். குழாய் விலகிப் பாய்ந்தால், அது இவ்வளவு நாளும் பம்பியை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கிணற்றுக்கட்டில் பம்பியைப் பூட்டிவிட்டுக் குழாயைக் கயிற்றால் இழுத்து விளிம்போடு பொருத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. எந்தக் கப்ளிங்கும் அதற்கு மருந்தாகாது.

பிறகு டயல் கேஜை ஒரு ஹப்பில் பூட்டி, மற்ற ஹப்பின் சுற்றுப்புறத்தைத் தொடவைத்து, இரு தண்டுகளையும் ஒன்றாகச் சுழற்றுங்கள். மேலும் கீழும் எடுத்த வாசிப்புகளின் வேறுபாட்டில் பாதிதான் செங்குத்து விலகல். முழு வேறுபாட்டையும் விலகலாகக் கொண்டு தகடு வைப்பதே பட்டறைகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை. கோண விலகலுக்குக் கேஜை ஹப்பின் முகத்தில் வைத்து, வாசிப்பு வேறுபாட்டைக் கேஜ் முனை சுற்றும் வட்டத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும்.

சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உருக்கும் வார்ப்பிரும்பும் ஒரு பாகை செல்சியசுக்குத் தம் நீளத்தின் மில்லியனில் 12 பங்கு அளவுக்கு நீளும் என்று கொண்டால், 160 மில்லிமீற்றர் உயரமுள்ள மோட்டர் உடல் சராசரியாக 30 பாகை சூடேறும்போது தண்டு ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் உயரும். பம்பிக்குள் ஓடுவது கிணற்றுத் தண்ணீர் என்பதால் அது அவ்வளவு உயராது. ஆகவே குளிர்ந்த நிலையில் மோட்டரை அந்த அளவுக்குத் தாழ்த்தி நிறுத்துவது சரி.

எடுத்துக்காட்டுக்கு, ஓடும் நிலையில் 0.15 மில்லிமீற்றர் சமாந்தர விலகலும் 0.1 பாகை கோண விலகலும் எஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். கவனமாக நேராக்கினால் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றருக்குள் கொண்டுவரலாம். மீதி, காலப்போக்கில் அடித்தளம் இறங்குவதற்கான இடம்.

இரண்டாம் படி: முறுக்கு விசை

9550 ஐக் கிலோவாட்டால் பெருக்கி, நிமிடச் சுற்றால் வகுத்தால் நியூட்டன் மீற்றரில் முறுக்கு விசை கிடைக்கும்: 9550 × 15 ÷ 1460 = 98. மையவிலக்குப் பம்பிக்கு 1.5 என்ற பாதுகாப்புக் காரணி போதும். வடிவமைப்பு முறுக்கு விசை 147 நியூட்டன் மீற்றர். உந்துதண்டு (பிஸ்டன்) பம்பியானால் துடிப்பு அதிகம் என்பதால் 2 அல்லது அதற்கு மேல் கொள்ளுங்கள். ஸ்டார் டெல்டா (மெதுவாகத் தொடக்கும் சுவிட்சு முறை) இல்லாமல் நேரடியாகத் தொடக்கும் மோட்டர், தொடங்கும் கணத்தில் தன் முழுச்சுமை முறுக்கு விசையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு தரக்கூடும். அந்த 245 நியூட்டன் மீற்றருக்கு, ஹப்பைத் தண்டோடு பூட்டும் ஆப்பான கீயும் தண்டும் உடையாமல் நிற்கின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும். தேய்மானக் கணக்குக்கு அந்தக் கணநேர விசை பொருட்டன்று.

மூன்றாம் படி: இரண்டு பற்தொகுதி

வடிவமைப்பின் உயிர்நாடி இந்தப் படியே. ஒரு ஸ்பிளைன் இணைப்பு தனியாகக் கோண விலகலை மட்டுமே ஏற்கும். சமாந்தர விலகலை அது ஏற்க வேண்டுமானால் தண்டு வளைய வேண்டும், அல்லது பெயாரிங் அந்த விசையை வாங்க வேண்டும். இரண்டும் முறிவிலேயே முடியும். மோட்டர் தண்டில் வெளிப்பல் வெட்டி, பம்பித் தண்டில் உட்பல் குடைந்து, ஒன்றை மற்றொன்றுக்குள் செருகிவிட்டு, பல் இடைவெளி பார்த்துக்கொள்ளும் என்று விடும் வடிவம் பார்க்க எளிமையாக இருக்கும். 0.05 மில்லிமீற்றர் இடைவெளியும் 30 மில்லிமீற்றர் நீளமும் உள்ள நேர்ப்பற்கள் 0.1 பாகைக்குள்ளேயே முட்டி நின்றுவிடும் என்பதைக் கணக்கிட்டால் அந்த எளிமையின் விலை தெரியும்.

ஆகவே மோட்டர் தண்டில் ஒரு ஹப், பம்பித் தண்டில் ஒரு ஹப், இரண்டிலும் வெளிப்பல். இரண்டையும் தழுவும் உட்பல் உறை ஒன்று. சமாந்தர விலகல் வரும்போது உறை சாய்கிறது; அந்தச் சாய்வு இரு பற்தொகுதிகளிலும் கோண விலகலாகத் தோன்றுகிறது. சாய்வின் அளவு, விலகலை இரு பற்தொகுதிகளின் மையத் தூரத்தால் வகுத்தால் வருவது. தூரம் 60 மில்லிமீற்றரானால் 0.15 ÷ 60 = 0.0025 ரேடியன், அதாவது 0.14 பாகை. தண்டுகளின் சொந்தக் கோணமான 0.1 பாகையையும் மோசமான பக்கத்தில் கூட்டினால் 0.24 பாகை, ஏறத்தாழ 0.0042 ரேடியன்.

இதே விலகலுக்கு மையத் தூரத்தை 140 மில்லிமீற்றராக நீட்டினால் சமாந்தர விலகலின் பங்கு 0.06 பாகைக்கு இறங்கிவிடும். அடித்தளத்தில் இடமிருந்தால் நீளத்தை வாங்குங்கள். பல்லைக் கடினமாக்குவதைவிட இது மலிவு. உறையின் நடுப்பகுதியைத் தனித் துண்டாகச் செய்து போல்ட்டால் இணைத்தால், மோட்டரை அசைக்காமலே பம்பியின் சீலையும் பெயாரிங்கையும் மாற்றலாம் என்பது கூடுதல் இலாபம்.

வழுக்கல் தூரம் இப்போது தெரிந்துவிடுகிறது. பல் வட்டத்தின் விட்டத்தைக் கோணத்தால் பெருக்கினால் ஒரு சுற்றில் பல் அச்சுவழியே நகரும் முழு அலைவு கிடைக்கும். விட்டம் 70 மில்லிமீற்றரானால் 70 × 0.0042, ஏறத்தாழ 0.29 மில்லிமீற்றர். 1460 சுற்றில் இதன் உச்ச வேகம் செக்கனுக்கு 22 மில்லிமீற்றர். வேகம் சிறியதுதான், ஆனால் அலைவும் சிறியது என்பதால் கிறீஸ் புதிதாக உள்ளே இழுபடுவதில்லை, பழைய படலமே மீண்டும் மீண்டும் நசுங்குகிறது. தேய்மானம் தொடங்குவது இவ்விடத்தில்தான்.

நான்காம் படி: பல் அளவு

பக்கம் வளைகோடாக அமைந்த உட்சுருள் (இன்வொலூட்) வடிவப் பல்லையே தேர்ந்தெடுங்கள். நேர்ச்சுவர்ப் பல்லைச் சாதாரண மில்லிங் இயந்திரத்தில் பிரிப்புத் தலை வைத்து வெட்டிவிடலாம் என்பது உண்மை. ஆயினும் சுமையின் கீழ் உட்சுருள் பல் தானாக மையத்துக்கு வரும், அடியும் தடிப்பாக இருக்கும். ஐஎஸ்ஓ 4156, டிஐஎன் 5480 ஆகிய நியமங்களில் இதற்கான அளவுகள் உண்டு. 30 பாகை அமுக்கக் கோணம் (பல் பக்கத்தின் சாய்வு) பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றது.

எடுத்துக்காட்டுக்கு மொடியூல் (பல் வட்ட விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தது) 2.5, பற்கள் 28, பல் வட்ட விட்டம் 70 மில்லிமீற்றர். பல்லடி வட்டம் ஏறத்தாழ 66 மில்லிமீற்றர் என்று கொண்டால், 42 மில்லிமீற்றர் துளைக்கும் 3.3 மில்லிமீற்றர் கீ வெட்டுக்கும் மேலே 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய உலோகம் எஞ்சுகிறது. இது போதும். இதைவிடச் சிறிய விட்டம் எடுத்தால் ஹப் முதலில் கீ வெட்டின் மூலையில்தான் பிளக்கும்.

பல்லின் நீளம் பற்றிப் பலரும் எதிர்மாறாக நினைக்கிறார்கள். நீளமான பல் வலிமையானது என்பது விலகலே இல்லாத இணைப்புக்குச் சரி. விலகல் உள்ள இடத்தில் நீளமான பல் ஓரத்தில் மட்டும் கடிக்கும். நேர்ப்பல் ஸ்பிளைனுக்கு நெடுங்காலமாக வழங்கும் சுமைப் பகிர்வுக் காரணி (ஓரத்தில் சுமை குவிவதால் அமுக்கம் எத்தனை மடங்காகிறது என்பது) இதை எண்ணாகவே காட்டுகிறது: 0.004 ரேடியன் விலகலில் 13 மில்லிமீற்றர் நீளப் பல்லுக்குக் காரணி 1. 25 மில்லிமீற்றருக்கு 1.5, 50 மில்லிமீற்றருக்கு 2, 100 மில்லிமீற்றருக்கு 2.5. நான்கு மடங்கு நீட்டினாலும் நான்கு மடங்கு சுமை தாங்காது என்பதே இதன் பொருள். நம் எடுத்துக்காட்டுக்கு 20 மில்லிமீற்றர் போதும்.

ஐந்தாம் படி: பல்லை வளைத்தல்

ஓரம் கடிக்காமலிருக்க ஹப்பின் பற்களை நீளவாக்கில் வளைக்க வேண்டும்: நடுவில் தடித்து இரு முனைகளிலும் மெலியும் வடிவம். உறையின் உட்பற்கள் நேராகவே இருக்கட்டும்.

வளைவின் ஆரையை இப்படித் தீர்மானிக்கலாம். ஓடும் விலகல் 0.24 பாகை, வடிவமைப்பு எல்லையை அதன் இரு மடங்காக, 0.5 பாகை அல்லது 0.0087 ரேடியன் என்று வையுங்கள். பல் சாயும்போது தொடுபுள்ளி நடுவிலிருந்து ஆரையைக் கோணத்தால் பெருக்கிய தூரம் நகர்கிறது. பல்லின் அரை நீளம் 10 மில்லிமீற்றர். ஆரை 1000 மில்லிமீற்றரானால் தொடுபுள்ளி 8.7 மில்லிமீற்றர் நகர்ந்து, விளிம்புக்கு உள்ளேயே நின்றுவிடும். முனையில் பல் பக்கம் 0.05 மில்லிமீற்றர் மெலிந்திருக்கும். மனிதத் தலைமயிரின் தடிப்புக்கு ஒத்த அளவு.

சாய்ந்த பல்லுக்கு அகலமும் கூடுதலாக வேண்டும். கூடுதல் அகலம், ஆரையைக் கோணத்தின் வர்க்கத்தால் பெருக்கியது: 1000 × 0.0087 × 0.0087, ஏறத்தாழ 0.076 மில்லிமீற்றர். கிறீஸ் படலத்துக்கும் வெட்டுப் பிழைக்கும் சேர்த்து 0.15 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். இதற்குக் குறைத்தால் உறை சாயும்போது பற்கள் இருபுறமும் இறுகும், 0.3 ஐத் தாண்டினால் ஒவ்வொரு தொடக்கத்திலும் அடி விழும் சத்தம் கேட்கும்.

பல் நுனியையும் வளைக்க வேண்டும். நுனி ஹப்பின் மையத்தை மையமாகக் கொண்ட கோளத்தின் பகுதியாக அமைந்தால், உறை சாய்ந்தாலும் அதன் மையம் ஆடாது. ஓர் எச்சரிக்கை: லேத்தில் நுனியை மட்டும் உருண்டையாகக் கடைந்துவிட்டு, அதன்மேல் பற்களை நேராக வெட்டி, வளைபல் என்று தருவோர் உண்டு. நுனி வளைந்திருக்கும், பல்லின் பக்கமோ நேராகவே இருக்கும். தூர இருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. பல்லின் தடிப்பை நடுவிலும் முனையிலும் அளந்து, இரு பக்கமும் சேர்த்து 0.1 மில்லிமீற்றர் வேறுபாடு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். ஹொப் என்ற பல் வெட்டும் இயந்திரத்தில் வெட்டும்போது கத்தி நேர்கோட்டில் செல்லாமல் வில்போலச் செல்ல வேண்டும். 30 பாகைப் பல்லுக்கு அந்த வில்லின் ஆரை, பல் பக்க ஆரையின் 0.577 மடங்கு, நம் கணக்கில் 577 மில்லிமீற்றர். இந்த எண்ணை வரைபடத்தில் எழுதிக்கொடுத்தால் வெட்டுபவருடன் வாதிட வேண்டியிராது.

ஆறாம் படி: தொடு அமுக்கமும் உருக்கும்

147 நியூட்டன் மீற்றரை 0.035 மீற்றரால் வகுத்தால் பல் வட்டத்தில் 4200 நியூட்டன் விசை. 28 பற்களுக்குப் பகிர்ந்தால் பல்லுக்கு 150. பல்லின் தொடு உயரம் 2.25 மில்லிமீற்றர். 1000 மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவு தட்டையான பக்கத்தில் அழுந்தும்போது தொடு அமுக்கத்துக்கான ஹேர்ட்ஸ் சூத்திரம் தரும் உச்ச அமுக்கம் ஏறத்தாழ 49 மெகாபாஸ்கல். ஆனால் விலகல் உள்ளபோது எல்லாப் பற்களும் ஒரே அளவு சுமக்காது. பாதிப் பற்களே சுமக்கின்றன என்று கொண்டால் அது 69 ஆகும்.

வளைபல்லுக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் எல்லை, 230 முதல் 260 பிரினெல் கடினமுள்ள உருக்குக்கு 55 மெகாபாஸ்கல், 302 முதல் 351 வரையுள்ள உருக்குக்கு 83. ஆகவே கிடைத்த கம்பியில் கடைந்த மென்மையான உருக்கு இங்கே போதாது. ஈஎன் 24 உருக்கை 300 பிரினெலுக்கு மேல் கடினப்படுத்தி, பல் வெட்டியபின் நைற்றைட்டிங் (நைதரசனைச் செலுத்தி மேற்பரப்பைக் கடினமாக்குதல்) செய்வது நல்ல தேர்வு. நைற்றைட்டிங்கில் உருக்குலைவு குறைவு என்பதால் பல்லை மீண்டும் அரைக்க வேண்டியதில்லை. ஹப்பை மட்டும் கடினமாக்கி உறையை மென்மையாக விட்டால் உறைதான் தேயும்; இரண்டையும் ஒரே தரத்தில் செய்யுங்கள்.

சுற்றுகளின் எண்ணிக்கையையும் மறக்கலாகாது. 1460 சுற்றில் 11,400 மணி நேரத்தில் நூறு கோடிச் சுற்று முடிந்துவிடும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடும் பம்பிக்கு அது ஏறத்தாழ ஐந்து ஆண்டு. அந்தக் கட்டத்தில் தேய்மான ஆயுட்காரணி (அனுமதி எல்லையைப் பெருக்க வேண்டிய எண்) 0.7 என்று கொள்வது வழக்கம். அதாவது 83 ஐ முழுதாகச் செலவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் ஓடும் பம்பிக்கு மையத் தூரத்தைக் கூட்டியோ பல் வட்டத்தைப் பெருக்கியோ சுமையைத் தளர்த்துங்கள்.

ஏழாம் படி: கிறீஸ், சீல், உப்பு

கப்ளிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் முறுக்கு விசையன்று, கிறீஸ் இல்லாமையே. வாகனச் சில்லுக்குப் போடும் சாதாரணக் கிறீஸ் சுழற்சியில் பிரிந்துவிடும். சவர்க்காரப் பகுதி வெளிப்புறம் ஒதுங்க, எண்ணெய் வேறிடத்தில் தேங்கும். கப்ளிங்குக்கென்றே விற்கப்படும், என்எல்ஜிஐ (கிறீஸின் இறுக்கத்தைக் குறிக்கும் அளவு) 0 அல்லது 1 தரத்துள்ள, தடித்த அடிப்படை எண்ணெயும் அமுக்கந் தாங்கும் சேர்மானமும் கொண்ட கிறீஸைக் கேட்டு வாங்குங்கள். உறையின் இரு முனைகளிலும் ஓ வளையச் சீல் வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் வலிகாமத்துச் செம்மண் புழுதி எங்கும் நுழையும். கரையோரத்தில் உப்பு ஈரம் நுழையும். கிறீஸோடு கலந்த செம்மண் அரைக்கும் பசையாகவே வேலை செய்கிறது.

பற்கள் வறண்டால் இன்னொரு தீங்கும் உண்டு. அச்சுவழி நகர மறுக்கும் பல், உராய்வின் அளவுக்குத் தண்டைத் தள்ளும். முழுச்சுமையில் பல் வட்ட விசை ஏறத்தாழ 2800 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.3 ஆனால் 840 நியூட்டன் தள்ளு விசை நேராகப் பம்பியின் பெயாரிங்குக்குச் செல்லும். பெயாரிங் அடிக்கடி போகிறது என்று பெயாரிங்கையே மாற்றிக்கொண்டிருப்போர் கப்ளிங்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

எட்டாம் படி: பூட்டுதலும் சோதனையும்

ஹப்பை மோட்டர் தண்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள்; அடி முழுவதும் பெயாரிங்கில் விழும். எண்ணெய்க் குளியலில் சூடாக்கி ஏற்றுங்கள். தண்டு முனைகளுக்கிடையே குறைந்தது 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். உறை ஓடிவிடாமல் இருபுறமும் சேர்க்ளிப் (பள்ளத்தில் பொருந்தும் வளையப் பூட்டு) தேவை. பிறகு, இந்தக் கப்ளிங் விலகலைத் தாங்கும் என்பதை மறந்துவிட்டு, அது தாங்காது என்று எண்ணிக்கொண்டு டயல் கேஜால் நேராக்குங்கள்.

காவல் உறை இல்லாமல் ஓட விடாதீர்கள். பம்பி வீட்டுக்குச் சாரத்தோடும் தோளில் துவாயோடும் வருபவர்கள் அதிகம். 1460 சுற்றில் துணி சிக்கினால் இழுத்துக்கொள்ள நேரமிராது.

முதல் ஓட்டத்தில் உறையின் சூடு பம்பிப் பெயாரிங்கின் சூட்டைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் நிறுத்தி, விலகலை மீண்டும் அளங்கள். அதிர்வை அளக்கும் கருவி இருந்தால், சுழற்சியின் இரு மடங்கு அலைவெண்ணில் எழும் அதிர்வு மையவிலகலுக்குப் பொதுவான அடையாளம்.

முதற் சில வாரங்களுக்குப் பின் ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் திறந்து பாருங்கள். கிறீஸ் செங்கபிலத் தூளாக மாறியிருந்தால் அது வெளியிலிருந்து வந்த துரு அன்று, பற்களே அலைந்தலைந்து உதிர்த்த இரும்பு ஒட்சைட்டு. பல்லின் தேய்மானத் தடம் நடுவில் பட்டையாக இருந்தால் வடிவமைப்பு சரி. முனையில் மட்டும் மின்னினால் விலகல் 0.5 பாகையை எட்டியிருக்கிறது அல்லது பல்லின் பக்கம் வளைக்கப்படவே இல்லை. மோட்டர் தண்டை அசையாமல் பிடித்து, உறையின் பல் வட்ட அளவில் டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் திருப்பினால், அந்தப் பற்தொகுதியின் இடைவெளி நேரடியாகத் தெரியும். தொடக்கத்து 0.15 மில்லிமீற்றரிலிருந்து அது 0.45 ஐ எட்டும்போது நைற்றைட்டிங் படையின் பெரும்பகுதி போய்விட்டது என்று கொள்ளலாம். அதற்குப் பின் தேய்மானம் விரைந்து நடக்கும் என்பதால், ஹப்பையும் உறையையும் சோடியாகவே மாற்றுங்கள்; தேய்ந்த உறையில் புதிய ஹப்பைப் பூட்டினால் புதியதும் சில மாதங்களில் அதே வடிவுக்கு வந்துவிடும்.